பழைய காரை விற்கும் முன் எதற்குச் செலவு செய்யலாம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். 2014-ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் கார் ஒன்று என்னிடம் உள்ளது. முதல் உரிமையாளர் நான்தான்; 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. விற்கலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, பின்பக்க பம்பரையும் இடப்பக்கத்து இரண்டு கதவுகளையும் டிங்கரிங் செய்து பெயிண்ட் அடிக்க 22,000, நான்கு டயர்களுக்கு 18,000, கிளட்ச் மாற்ற 14,000, ஏ.சி. கண்டென்சர் மாற்றி கேஸ் நிரப்ப 9,000, முன்சக்கர லோயர் ஆர்ம் புஷ்களுக்கு (சக்கரத்தைத் தாங்கும் கையில் உள்ள ரப்பர் இணைப்புகளுக்கு) 5,000 என மொத்தம் 68,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். ஈரோட்டில் பழைய கார்களை வாங்கி விற்கும் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில், இப்போது இருக்கிறபடியே கொடுத்தால் 2,60,000 தருவதாகச் சொல்கிறார்கள். செலவு செய்து விற்றால் அந்தப் பணம் திரும்ப வருமா?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஐயா, 68,000 ரூபாயையும் செலவு செய்தால் அது முழுவதுமாகத் திரும்பி வராது. அதற்காக ஒன்றுமே செய்யாமல் கொடுத்துவிடுவதும் உங்களுக்கு நஷ்டம்தான். இந்த ஐந்து வேலைகளில் எது விலையைத் தூக்கும், எது தூக்காது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வாங்க வருபவர் தம் கண்ணாலேயே பார்த்து, இதற்கு இவ்வளவு ஆகும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுவிடக்கூடிய குறையை அப்படியே விட்டுவிடலாம். டயர் தேய்மானமும் கதவில் உள்ள கீறலும் அந்த வகை; அவற்றுக்கு அவர் குறைத்துக் கேட்கும் தொகை, நீங்கள் செலவழிக்கும் தொகையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். காரணம் என்னவென்று அவருக்குத் தெரியாத குறைதான் விலையை உடைக்கும். ஏ.சி.யில் குளிர்ச்சி வரவில்லை என்றால் அவர் கண்டென்சரை நினைக்க மாட்டார், அதைவிடப் பெரிய செலவு வைக்கும் கம்ப்ரஸரே போய்விட்டது என்றுதான் நினைப்பார். முன்சக்கரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டால், புஷ் தேய்ந்திருக்கிறது என்று எண்ணாமல், வண்டி எங்கோ பலமாக அடிவாங்கியிருக்கிறது என்று முடிவு செய்துவிடுவார். பயத்தில் அவர் குறைத்துக் கேட்கும் தொகை, உண்மையான செலவைப்போலப் பல மடங்காக இருக்கும். ஆகவே பயத்தை உண்டாக்கும் குறைகளுக்கும், உயிருக்கு ஆபத்தான குறைகளுக்கும் மட்டும் பணம் செலவழியுங்கள்.

இந்த அளவுகோலின்படி புஷ் வேலையை முதலில் செய்யுங்கள். நமது ஊர்ச் சாலைகளில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை. ஓட்டிப் பார்க்க வருபவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிடுவார். புஷ் தேய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயரும் ஓரத்தில் கோணலாகத் தேயும். அதை மாற்றியதும் வீல் அலைன்மென்ட் பார்த்து, அதன் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஏ.சி. ஈரோடு, கரூர் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஏ.சி. வேலை செய்யாத காரை வாங்க நினைப்பவர் அரிது. ஆனால் 9,000 கொடுப்பதற்கு முன், கசிவு கண்டென்சரில்தான் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கேஸ் கசியும் இடத்தில் அதனோடு கலந்து ஓடும் எண்ணெயும் கசியும். அங்கே புழுதி ஒட்டிக் கருப்பாக, பிசுபிசுப்பாக ஒரு கறை இருக்கும். கறை தென்படாவிட்டால் நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தில் செலுத்தி, சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பி, விற்கும் நாள்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அது வாங்குபவரை ஏமாற்றுவது. ஆசிரியராக இருந்த உங்களிடம் அதை விளக்க வேண்டியதில்லை.

கிளட்ச் விஷயத்தில் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. முதலில் அது உண்மையிலேயே போய்விட்டதா என்று நீங்களே பாருங்கள். சமதளத்தில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, வண்டியை மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி நின்றுவிட்டால் பிளேட் இன்னும் பிடிக்கிறது என்று பொருள். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. பெடல் கொஞ்சம் கடினமாக இருப்பதற்காகவும், பாதிக்கு மேல் வந்த பிறகே வண்டி நகர்வதற்காகவும் மட்டும் கிளட்ச் மாற்றச் சொன்னார்கள் என்றால் இன்னொரு மெக்கானிக்கிடமும் கேளுங்கள். வழுக்குவது உறுதி என்றால், யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு செய்யலாம். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டிய குடும்பத்துக்கு நேரடியாக விற்பதென்றால், மாற்றிவிட்டு விற்பதே முறை. பில்லைக் கையில் கொடுத்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி விலையிலும் திரும்பி வரும். கன்சல்டிங்கில் கொடுப்பதென்றால் கிளட்ச்சில் கை வைக்காதீர்கள். அவர்களுக்கென்று வழக்கமான ஒர்க்‌ஷாப்பும் உதிரிபாகக் கடையும் இருக்கும். உங்களுக்கு 14,000 ஆகும் வேலையை அவர்கள் கணிசமாகக் குறைந்த செலவில் முடித்துக்கொள்வார்கள் என்பதால், நீங்கள் செலவழித்த 14,000-ஐ அவர்கள் விலையில் ஏற்றிக் கொடுக்க மாட்டார்கள். குறையைச் சொல்லிவிட்டு விற்றால் போதும்.

நான்கு டயரும் புதிதாகப் போட வேண்டாம். டயரின் பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் அந்த மேட்டோடு சமமாகத் தேய்ந்துவிட்ட டயரையும், பக்கவாட்டில் வெடிப்போ புடைப்போ உள்ள டயரையும் மட்டும் மாற்றுங்கள். ஓர் அச்சில் உள்ள இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். விவரம் தெரிந்தவர்கள் ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களிலும் இதைப் படிப்பார்கள். பெயர் தெரியாத மலிவு டயர்களைப் புத்தம் புதிதாகப் போட்டு வைத்தால், அதைப் பார்த்தே உங்கள் பராமரிப்பை அவர்கள் சந்தேகிப்பார்கள்.

பெயிண்ட் வேலையைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். எங்கள் பக்கத்தில் பழைய வண்டி பார்க்க வருபவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்தால் காரணம் விளங்கும். அவர் நேராக பானெட்டைத் திறந்து, ஃபெண்டரை (முன்சக்கரத்தின் மேல் உள்ள தகட்டை) பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பார்ப்பார். ஸ்பேனர் பட்டு அவற்றின் பெயிண்ட் உதிர்ந்திருந்தால் ஃபெண்டரைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு கதவைத் திறந்து, ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் உரித்து, உள்ளே கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று விரலால் தடவுவார். டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி ஸ்டெப்னிப் பள்ளத்தில் மடிப்போ புது பெயிண்டோ இருக்கிறதா என்று பார்ப்பார். சிலர் பெயிண்டின் தடிமனை அளக்கும் சிறு கருவியையே கொண்டு வருகிறார்கள். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும், நசுங்கலைப் பட்டி பூசி நிரப்பிய இடம் அதைப்போலப் பல மடங்கு காட்டும். உங்கள் கதவில் இருப்பது வாகன நிறுத்தத்தில் யாரோ உரசிய கீறலாகத்தான் இருக்கும். அதை இருக்கிறபடியே பார்த்தால், வாங்குபவர் அதற்கு ஐந்தோ பத்தோ ஆயிரம் குறைத்துக் கேட்பார். இரண்டு கதவும் புது பெயிண்டில் மின்னினாலோ, "ஏங்க, வண்டி அடி வாங்குனதுங்களா?" என்பதுதான் அவரது முதல் கேள்வியாக இருக்கும். அதன் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் அவர் மனம் சமாதானம் அடையாது.

கதவுக்கு இன்சூரன்ஸில் கிளெயிம் போட்டுவிடலாமே என்று தோன்றலாம். நீங்கள் அடுத்து உங்கள் பெயரில் ஒரு வண்டி வாங்கினால், இதுவரை கிளெயிம் இல்லாமல் சேர்ந்திருக்கும் சலுகை அந்த வண்டிக்கு மாறும். ஐந்து ஆண்டுகள் கிளெயிம் இல்லாவிட்டால் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறைக்கப்படும். அந்தச் சலுகை வண்டிக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது; விற்கும்போது இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சான்றாக வாங்கிக்கொண்டால் மூன்று ஆண்டுகளுக்குள் வேறு காருக்குப் பயன்படுத்தலாம். விற்கப் போகும் காரின் கதவுக்காக அதை இழப்பது கணக்குக்கு ஒத்துவராது.

பெயிண்ட் அடிக்கும் பணத்தில் சிறு பங்கைக் கொண்டு ரப்பிங் பாலிஷ், மஞ்சளித்துப்போன ஹெட்லைட்டுக்கு பாலிஷ், சீட்டுகளையும் கம்பளத்தையும் கழுவிக் காயவைப்பது ஆகியவற்றைச் செய்யுங்கள். எரியாத பல்பு, கிழிந்த வைப்பர், வேலை செய்யாத ஜன்னல் ஸ்விட்ச் போன்ற சில்லறைகள் எதையும் விட்டுவைக்காதீர்கள். காலையில் ஸ்டார்ட் ஆகத் தயங்கினால் பேட்டரியைச் சோதியுங்கள். இரவு முழுக்க நின்ற பிறகு 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்ல நிலை. இன்ஜினை மட்டும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். ஆயில் கசிவை மறைத்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தைத்தான் அது உண்டாக்கும், ஒயரிங்குக்கும் நல்லதன்று.

ஆக, புஷ்ஷுக்கும் ஏ.சி.க்கும் 14,000, அலைன்மென்டுக்கும் சுத்தம் செய்வதற்கும் சில ஆயிரங்கள் என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, நேரடியாக வாங்குபவரை ஒரு மாதம் தேடிப் பாருங்கள். செய்யாமல் விட்ட வேலைகளுக்கான எஸ்டிமேட் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பேரம் பேசும்போது அதை எடுத்துக் காட்டி, "இந்த வேலை பாக்கி இருக்கிறது, இவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று நீங்களே சொல்லிவிட்டால், பேச்சு அந்தத் தொகையைச் சுற்றியே நிற்கும். நீங்கள் சொல்லாமல் அவராகக் கண்டுபிடித்தால் அவர் சொல்லும் தொகைக்கு வரம்பே இருக்காது.

கேள்வி: எனது 2017 டீசல் காரில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டு விட்டு எரிகிறது. ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஸ்கேனர் வைத்து அழித்துவிட்டு உடனே விற்றுவிடும்படி நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: செய்யாதீர்கள். அழிப்பதால் பழுது தீர்வதில்லை, பதிவுதான் போகிறது; அதே பழுது மறுபடி நேர்ந்ததும் விளக்கு திரும்ப எரியும். அதோடு, பல கார்களில் பதிவை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை ஸ்கேனரே காட்டிவிடும். வாங்குபவருடன் வரும் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, 12 கிலோமீட்டருக்கு முன்னால்தான் அழித்திருக்கிறார்கள் என்று சொன்னால், நல்ல நிலையில் உள்ள உங்கள் இன்ஜின் மீதும் அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

அழிக்காமல் பழுதுக் குறியீட்டை முதலில் படித்து எழுதி வாங்குங்கள். மில்லுக்கும் வீட்டுக்கும் என்று நகருக்குள்ளேயே குறுகிய தூரம் ஓடும் டீசல் கார்களில் ஈ.ஜி.ஆர். வால்வில் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்குள் திருப்பி அனுப்பும் வால்வில்) கரி படிந்து இந்த விளக்கு எரிவது வழக்கம். கழற்றிச் சுத்தம் செய்வதோடு பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு சென்சாரோ, அதற்குப் போகும் ஒயரோ பழுதாகியிருந்தாலும் செய்துவிடுங்கள். எரியும் விளக்கோடு விற்றால் குறையும் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு சிறியது. இன்ஜெக்டர், டர்போ போன்ற பெரிய வேலை என்று தெரிந்தால் மட்டும், அந்த அறிக்கையையும் எஸ்டிமேட்டையும் காட்டி விலையைக் குறைத்துக் கொடுங்கள்.

ஏர்பேக், ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்குகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. சாவியைத் திருப்பியதும் அவை சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம் அல்லது ஒயரை வேறொன்றோடு சேர்த்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு குடும்பம் அவிநாசி சாலையில் போவதை நினைத்துப் பார்த்தாலே நெஞ்சு பதறுகிறது. சரி செய்தோ, வெளிப்படையாகச் சொல்லி எழுதிக் கொடுத்தோ மட்டுமே அந்த வண்டியை விற்க வேண்டும்.

கேள்வி: காரின் முன்னால் இரும்பு கிராஷ் கார்டும், உள்ளே விலை உயர்ந்த மியூசிக் சிஸ்டமும் போட்டிருக்கிறேன். இவற்றுக்குத் தனியாக விலை கிடைக்குமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: கிடைக்காது. கிராஷ் கார்டைக் கழற்றிவிட்டே காட்டுங்கள். மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மியூசிக் சிஸ்டத்தைக் கழற்றி, பழைய கம்பெனி செட் கையில் இருந்தால் அதைப் பொருத்துங்கள்; வெட்டிய ஒயர்களைச் சரியான கப்ளர் (ஒயர் இணைப்பான்) கொண்டு இணைக்க வேண்டும். எரிவாயு கிட் ஏதாவது பொருத்தியிருந்து அது ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஏறவில்லை என்றால், மற்ற எந்த வேலைக்கும் முன்னால் அதைச் சரி செய்யுங்கள்.

கேள்வி: கார் கடனை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அடைத்துவிட்டோம். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறது. வாங்க வந்தவர், படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். என் கணவர் சம்மதித்துவிட்டார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: அம்மா, உங்கள் தயக்கம் சரியானது. வங்கியின் பெயரை ஆர்.சி.யிலிருந்து நீக்குவதுதான் இந்த வண்டிக்குச் செய்ய வேண்டிய முதல் ரிப்பேர். செலவும் மிகக் குறைவு. வங்கியிடம் தடையின்மைச் சான்றும், அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-உம் வாங்கி, ஹெச்.பி.யை (வங்கிக் கடன் பதிவை) நீக்கிய ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். அந்தச் சான்று முன்பே வாங்கியது என்றால் புதிய தேதியிட்டுக் கேட்டுப் பெறுவது நல்லது.

தேதி போடாமல் கையெழுத்திட்ட படிவங்களோடு வண்டியைக் கொடுத்துவிட்டால், அது எத்தனை கை மாறினாலும் பதிவேட்டில் உங்கள் கணவர் பெயரே நிற்கும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் இப்படிப்பட்ட ஒரு வழக்கில்தான் தீர்ப்பளித்தது. அந்த வண்டியும் பலருக்குக் கைமாறியிருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு, மாநிலத்துக்குள் விற்ற 14 நாளுக்குள் விற்றவர் தகவல் தர வேண்டும் என்கிறது. அதற்கான படிவங்கள் 29, 30. வாங்குபவர் கன்சல்டிங் நடத்துபவர் என்றால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி அங்கீகாரச் சான்று பெற்றவரா என்று கேளுங்கள். அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைத்ததை மத்திய அரசின் பரிவாகன் இணையத் தளத்தில் படிவம் 29சி வழியாகப் பதிந்துவிட்டால், பெயர் மாறும்வரை பொறுப்பு அவருடையதாகிவிடும்.

வண்டியை ஒப்படைக்கும் நாளில் நாளோடு நேரத்தையும் எழுதி ரசீது வாங்குங்கள். நிலுவையில் உள்ள அபராதங்களை முன்பே கட்டிவிட்டு, ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள். இல்லையென்றால் விஜயமங்கலம் சுங்கச்சாவடியை அவர் கடக்கும்போதெல்லாம் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும்.

கேள்வி: இன்னும் நான்கு மாதங்களில் எங்கள் காருக்கு 15 ஆண்டுகள் முடிகின்றன. எஃப்.சி. (தகுதிச் சான்றுக்கான ஆய்வு) காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்துவிட்டு விற்பதா, அதற்கு முன்பே வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா?
– ஒரு வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: அடிச்சட்டத்தில் துரு ஏறாமல், இன்ஜின் புகை கக்காமல் இருந்தால் புதுப்பித்துவிட்டு விற்பதே லாபம். புதுப்பித்த ஆர்.சி.க்கு ஐந்து ஆண்டு ஆயுள் உண்டு. காலாவதியாகப் போகிற வண்டியை வாங்குபவர், அது தேறுமா தேறாதா என்ற சந்தேகம் முழுவதையும் விலையில் கழித்துவிடுவார். படிவம் 25-இல் விண்ணப்பிக்க வேண்டும்; காலம் முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்னிருந்துதான் ஏற்பார்கள் என்பதால், உங்களுக்கு வேலைகளை முடிக்க இரண்டு மாதம் இருக்கிறது.

இந்த நிலையில் எந்த ரிப்பேர் தேவை என்பதை ஆய்வாளர் பார்க்கும் விஷயங்களே முடிவு செய்துவிடும். பிரேக், விளக்குகள், ஹாரன், டயர், புகை அளவு, கண்ணாடிகள் ஆகியவற்றைச் செய்யுங்கள். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஏறி இறங்கிய வண்டி என்றால் பிரேக் டிஸ்க்கின் தடிமனையும் அளக்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலை மாற்றி எவ்வளவு காலமாயிற்று என்று யாருக்கும் நினைவிருக்காது, அதையும் மாற்றிவிடுங்கள். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் துரு மூடியிருந்தால் மெதுவாகத் துடைத்து, எண் படிக்கும்படி இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். தேய்க்கும் தாள் போட்டுத் தேய்த்து எண்ணை அழித்துவிட்டால் பெரிய சிக்கலாகிவிடும். சீட் கவர், பெயிண்ட், ஸ்டீரியோ எதற்கும் செலவு வேண்டாம்.

அடிச்சட்டத்தில் திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்கும் அளவுக்குத் துரு இருந்தால் பட்டி வைத்து மூடி எஃப்.சி.க்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த வண்டியை அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்து, அழிப்புச் சான்று வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவை நீக்கிக்கொள்ளுங்கள்.